கம்பம் பேசும் வரை

ஜன்னலைச் சாத்திடட்டுமா சார்? உப்புக் காத்து மூஞ்சியிலயே அடிக்குது. உங்களுக்கு வேணும்னா பாதி திறந்து வச்சுக்கலாம். சரி, பாதியே இருக்கட்டும். இந்தப் பை உங்க காலை இடிக்குதா? இடிச்சா சொல்லுங்க, மடியில வச்சுக்கறேன். லேப்டாப்பும் ஒரு புடவையும்தான். புடவை என் சம்சாரத்துக்கு. வாங்கிக்குவாளோ மாட்டாளோ.

நீங்க கடைசி ஸ்டாப்பா? நல்லது. நான் மூணுமரக்குப்பம். பாலம் தாண்டினதும் வரும். பேரைச் சொன்னதும் திரும்பிப் பார்க்கறீங்க பாருங்க. எல்லாரும் இப்படித்தான் பார்க்கறாங்க. ஆமா, அதே ஊருதான். போன வருஷப் புயல்ல ஏழு பேரு போன ஊரு. இன்னைக்கு வருஷம் முடியுது, கடற்கரையில படையல் போடறாங்க.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை. என் பேரு சிவநேசன். நெல்லு விளையற பக்கத்து ஆளு, அந்த ஊருக்கு மாப்பிள்ளை. ஏழு பேர்ல ஒருத்தன் என் மச்சான் கலைமணி. என் சம்சாரம் குமுதாவோட கூடப் பிறந்த தம்பி. அவ இப்போ அம்மா வீட்டுலதான் இருக்கா. பத்து மாசமாச்சு. இன்னைக்குப் படையல் முடிஞ்சதும் ஊர்ப் பஞ்சாயத்து நாட்டார் எங்க ரெண்டு பேரையும் உட்கார வச்சு பேசறாங்களாம். வர்றியா, இல்லையான்னு அவளை ஒரே வார்த்தை கேப்பாங்க. இல்லைன்னா அத்தோட சரி. மீன்பிடி ஊர்ல நாட்டார் பேசி முடிச்சா முடிச்சதுதான். கோர்ட்டுக்கே அப்புறந்தான் போவாங்க.

எனக்கு அவ வேணும் சார். முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன வெட்கம். அவ இல்லாம வீட்டுக்குள்ள போகவே பிடிக்கல.

கோபம் எதுக்குன்னு கேப்பீங்க. சொல்றேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

இந்தக் கடலோரம் பூரா கம்பம் நட்டது நாங்கதான். பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு குப்பத்துலயும் ஒரு இரும்புக் கம்பம், உச்சியில நாலு பக்கமும் கூம்பு ஸ்பீக்கர். புயல் வந்தா தலைமையகத்துல ஒரு பட்டனை அமுக்கினாப் போதும், இருநூறு கம்பமும் ஒரே நேரத்துல பேசும். எங்க கம்பெனி எடுத்த காண்ட்ராக்ட். நெட்வொர்க் பூரா என் கை.

அது எப்படிப் பேசுதுங்கறதுதான் விஷயம். சலிப்பா இருந்தா சொல்லிடுங்க, நிறுத்திடறேன். முன்னாடியெல்லாம் இருநூறு இடத்துக்கு ஒரு சேதி போகணும்னா இருநூறு பிரதி கிளம்பும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா. வாசல்லயே நெரிசல். நம்ம வீட்டுல ஒரு விசேஷம்னா போன்ல ஒவ்வொருத்தரா கூப்பிட்டுச் சொல்வாங்கல்ல, அந்த மாதிரி. கடைசி ஆளைக் கூப்பிடறதுக்குள்ள விசேஷமே முடிஞ்சிருக்கும். நாங்க போட்டது மல்டிகாஸ்ட்னு ஒரு முறை, அதுல அந்தத் தொல்லை இல்லை. இங்கேர்ந்து ஒரே ஒரு பிரதி கிளம்பும். வழி எங்க ரெண்டா பிரியுதோ அங்க மட்டும் அது ரெண்டாகும். அப்புறம் நாலாகும். எனக்கு வேணும்னு பேர் கொடுத்தவன் வாசலுக்கு மட்டும் போய் நிக்கும். படிக்கற காலத்துலேர்ந்தே எனக்கு அதுல ஒரு பித்து. ஒரு வாய், இருநூறு காது.

இன்னொண்ணு. வாங்கினவன் வந்துச்சுன்னு திருப்பிச் சொல்ல மாட்டான். சொல்லவும் கூடாது. இருநூறு பேரும் வந்துச்சு வந்துச்சுன்னு கத்தினா அதுவே ஒரு நெரிசல். அனுப்பினியா, உன் வேலை முடிஞ்சுது. ஸ்கிரீன்ல பச்சை எரியும். பச்சைன்னா போயிடுச்சுன்னு அர்த்தம்.

அந்தக் கம்பம் பேசற குரல் யாருதுன்னு நினைக்கறீங்க? என் குமுதாவுது. நிஜமா. ரேடியோவுல பேசற ஒரு அம்மாவை வச்சு முதல்ல பதிவு பண்ணினோம். வீட்டுல ஒருநாள் அதைப் போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன். "புயல் எச்சரிக்கை விடுக்கப்படுகிறது, பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு" அப்படின்னு போகும். இவ கேட்டுட்டுச் சிரிச்சா.

"ஏங்க, இதைக் கேட்டு எங்க ஊர்ல ஒரு நாய்கூட எந்திரிக்காது" அப்படின்னா.

"அப்போ நீ சொல்லேன்."

"சொல்றேன். ரெக்கார்டைப் போடுங்க."

சமையல்கட்டுல ஃபேனை நிறுத்திட்டு, குக்கரை இறக்கி வச்சுட்டு நின்னபடியே சொன்னா. "எல்லாரும் கிளம்புங்க. படகைப் பார்க்காத, வலையைப் பார்க்காத. புள்ளைங்களைத் தூக்கிக்க. மையத்துக்கு வா. கிளம்பு, கிளம்பு." ஒரே தடவை. எனக்கே எந்திரிச்சு ஓடணும் போல இருந்துச்சு. ஆபீஸ்ல போட்டுக் காட்டினேன், இதுதான் வேணும்னுட்டாங்க. கடலோரம் பூரா அவ குரல்தான் சார். அன்னைக்கு அவளுக்கு இருந்த பெருமை இருக்கே. பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிட்டு வந்தா.

மூணுமரக்குப்பத்துல கம்பம் திறந்த அன்னைக்கு நான்தான் மைக் பிடிச்சேன். ஊரு மாப்பிள்ளைன்னு மாலையெல்லாம் போட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் வாட்ஸ்அப்ல எவனோ சுனாமின்னு கிளப்பிவிட்டு, ஊரே ஓடி, ஒரு பெரியவர் விழுந்து இடுப்பு எலும்பு போயிடுச்சு. அதனால நான் கண்டிப்பாச் சொன்னேன். இனிமே போன்ல வர்றதை நம்பாதீங்க. எவனாவது வந்து கத்தினா நம்பாதீங்க. கம்பம் பேசினா கிளம்புங்க, கம்பம் பேசாம கிளம்பாதீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அதுவரைக்கும் மாரியம்மன் கோயில் மைக்லதான் ஊர்ச்சேதி சொல்லுவாங்க. அதைக் கழட்டி உள்ள வச்சுட்டாங்க. அவ்வளவு நம்பிக்கை வச்சாங்க என்மேல.

புயல் மையம் ஒண்ணு இருக்கு அங்க. தூண் மேல நிக்கற கட்டடம், தண்ணி ஏறாது. அதோட சாவி கலைமணிகிட்ட. நான்தான் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். சம்பளம் கிடையாது, ஆனா ஒரு மரியாதை. அவன் ஒரு தடவை மழைக்கு ஒதுங்கட்டும்னு நாலு பேருக்குத் திறந்து விட்டுட்டான். உள்ளே புது டிவி, பெட்டியெல்லாம் இருக்கு, மேல இருக்கறவங்க என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் அவனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "கம்பம் பேசாம சாவியை எடுக்காத கலை"ன்னு. "சரி மாமா"ன்னான். அவன் எப்பவுமே சரி மாமாதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை.

டிவி எதுக்குன்னா, அதுதான் அடுத்த கதை. புயல் நேரத்துல சென்னையிலேர்ந்து பெரிய அதிகாரி ஒருத்தர் வீடியோவுல கூட்டம் நடத்துவார். அதை எல்லாத் தாலுகா ஆபீசுக்கும் எல்லாப் புயல் மையத்துக்கும் போட்டுக் காட்டணும்னு உத்தரவு. அதுவும் மல்டிகாஸ்ட்தான். அதுவும் என் கைதான். அப்போ ஒரே வழியில ரெண்டு விஷயம் போகுது. ஒண்ணு படம், ஒண்ணு கம்பத்தோட குரல். வழி நெருக்கடியானா எது முன்னால போகும்? அதை நாமதான் சொல்லி வைக்கணும். தர வரிசைன்னு வச்சுக்குங்களேன். ரோட்டுல மந்திரி கார் வந்தா மத்த வண்டியை ஓரங்கட்டறாங்கல்ல, அது மாதிரி. முதல் வரிசையில இருக்கறது காலியானப்புறந்தான் ரெண்டாம் வரிசைக்கு வழி.

நான் முதல்ல குரலைத்தான் முன்னால வச்சிருந்தேன். பொய் சொல்லல. அப்போ ஒரு ஒத்திகைக் கூட்டம் நடந்துச்சு. அதிகாரி பேசிக்கிட்டிருக்கும்போதே அவர் வாயைத் திறந்த நிலையில படம் நின்னுடுச்சு. எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல. மல்டிகாஸ்ட்ல அது ஒரு கஷ்டம், மானம் போனா மொத்தமா போகும். தாலுகா ஆபீஸ்ல யாரோ சிரிச்சிருக்கான், அது அவருக்குக் கேட்டிருக்கு. எங்க மேலாளரை நிக்க வச்சு அரை மணி நேரம். காண்ட்ராக்டையே ரத்து பண்றேன்னார். இன்னொரு மையத்துல டிவி படத்தைப் பிடிக்கவே கொஞ்ச நேரம் ஆச்சுன்னு அதுக்கு வேற தனியாத் திட்டு.

அன்னைக்கே ரெண்டையும் சரி பண்ணிட்டேன். படத்தை முதல் வரிசைக்கு ஏத்தினேன். எல்லா மையத்து டிவிக்கும் நிரந்தரமா பேர் கொடுத்து வச்சேன். யாரு பார்த்தாலும் பார்க்காட்டியும், பூட்டிக் கிடந்தாலும், படம் போய்க்கிட்டே இருக்கும். இனிமே கேட்ட நொடி படம் வந்துடும் பாருங்கன்னேன். யோசிச்சுப் பாருங்க, குரல் என்ன, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் போகப் போகுது. ஒண்ணு தவறினா அடுத்தது. படம் அப்படியா? நின்னா நின்னதுதான். எது அவசரம்? நீங்களே சொல்லுங்க.

பெனிட்டான்னு ஒரு பொண்ணு எங்களோட வேலை பார்த்துச்சு. கெட்டிக்காரப் பொண்ணு, ஆனா எல்லாத்துக்கும் ஒரு ஆனா வச்சிருக்கும். "சார், முதல் வரிசைக்கு ஒரு உச்ச வரம்பு போடுங்க சார். மழை கனத்தா குப்பத்து டவருக்கு ரேடியோ அலையில போற வழி சுருங்கும். படமே எல்லாத்தையும் தின்னுடும்" அப்படின்னுச்சு.

"வரம்பு போட்டா படம் நிக்கும்மா."

"நிக்கட்டுமே சார்."

நிக்கட்டுமாம். அன்னைக்குத் திட்டு வாங்கினது அதுவா நானா? சோதனையெல்லாம் பண்ணித்தான் வச்சேன் சார். நல்ல வெயில்ல மூணு தடவை பண்ணினேன். படமும் போச்சு, குரலும் போச்சு. அப்புறம் புயல் முடிஞ்ச வாரமே அந்தப் பொண்ணு வேலையை விட்டுடுச்சு. போகும்போது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இவ்வளவு சொல்லிக் கொடுத்தேன் அதுக்கு.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் போதும். வாய் வைக்காம குடிக்கறேன்.

புயல் அன்னைக்கு மத்தியானம் நான் தலைமையகத்துல ஸ்கிரீன் முன்னால. வெளிய ரெண்டு எட்டுல நிக்கறவன் தெரியாத மழை. கரையை ராத்திரிதான் கடக்கும்னு இருந்தாங்க, அது முந்திக்கிச்சு. கிளம்பச் சொல்லுன்னு உத்தரவு வந்ததும் நானே என் விரலால பட்டனை அமுக்கினேன். இருநூறும் பச்சை. மூணுமரக்குப்பமும் பச்சை. நான் பார்த்தேன் சார், குறிப்பா அந்த ஊரைத் தேடிப் பார்த்தேன். நம்ம ஊராச்சே. பச்சை எரிஞ்சுது. அதே நேரம் சென்னைக் கூட்டமும் ஆரம்பிச்சுடுச்சு. மேலாளர் என் தோள் மேல கை வச்சுக்கிட்டு நின்னார். "சிவா, படம் மட்டும் நின்னுடக் கூடாது" அப்படின்னார்.

அப்போ வீட்டுலேர்ந்து குமுதா போன் பண்றா.

"ஏங்க, தம்பி பேசினான். கம்பம் இன்னும் பேசலையாம். முகத்துவாரத்துல தண்ணி எதுக்க ஏறுதாம். மையத்தைத் திறக்கலாமான்னு உங்களைக் கேக்கச் சொல்றான்."

"பேசலையா? இங்க பச்சை எரியுதே."

"பேசலைங்கறான்."

"காத்துச் சத்தத்துல கேட்டிருக்காது. அஞ்சு நிமிஷத்துல மறுபடி பேசும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

"திறக்கட்டுமாங்க? நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"பொறுக்கச் சொல்லுன்னா பொறுக்கச் சொல்லு குமுதா. ஆளாளுக்குத் திறந்தா அப்புறம் கம்பம் எதுக்கு? போனை வை. கூட்டம் நடக்குது."

கொஞ்சம் கடுசாத்தான் சொல்லிட்டேன். பக்கத்துல மேலாளர் நிக்கறார், என்ன பண்ணச் சொல்றீங்க? கலைமணி நம்பர் என்கிட்டயும் இருக்கு, நானே கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனா அப்படி ஒவ்வொருத்தரா கூப்பிடறதுன்னா இவ்வளவு பெரிய நெட்வொர்க்கை எதுக்குக் கட்டினோம்? நம்ம கட்டினதை நாமளே நம்பலைன்னா எப்படி?

இவ தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கா. "மாமா பொறுக்கச் சொல்றாருடா. கம்பம் பேசுமாம்." அவனும் "சரிக்கா"ன்னிருக்கான்.

அவ்வளவுதான் சார் நடந்தது. இதுல என் தப்பு எங்க இருக்கு?

தண்ணி ஒரே மூச்சுல வந்திருக்கு. முகத்துவாரம் வழியா, தெருவுக்குப் பின்னாலேர்ந்து. கடலையே பார்த்துக்கிட்டிருந்த ஜனம் முதுகுப் பக்கம் எதிர்பார்க்கல. கடைசி நேரத்துல கலைமணி சாவியை எடுத்துக்கிட்டு மையத்தைப் பார்க்க ஓடியிருக்கான். படிக்கட்டுக்கு இந்தப் பக்கமே அடிச்சுட்டுப் போயிடுச்சு. அவன் போயிட்டான். தோள்ல இருந்த அவன் பொண்ணும். அதுக்கு மூணு வயசு. சாவி அவன் அரைஞாண் கயித்துலயே இருந்துச்சாம்.

அது... சரி விடுங்க. அந்தப் பேச்சு வேணாம்.

அப்புறம் மிச்சப் பேரு மரத்துலயும் கூரையிலயும் தொத்திக்கிட்டு நின்னு, தண்ணி கொஞ்சம் வடிஞ்சதும் மையத்துப் பூட்டைக் கல்லால உடைச்சு உள்ள போயிருக்காங்க. உள்ள டிவி ஓடிட்டு இருந்துச்சாம். டவர் பேட்டரியில ஓடறது, கரண்ட் போனாலும் நிக்காது. ஈரத் துணியோட எல்லாரும் அது முன்னால நின்னிருக்காங்க. அதிகாரி பேசிக்கிட்டிருந்திருக்கார், எல்லாக் குப்பத்துக்கும் அறிவிப்பு போய்ச் சேர்ந்துடுச்சு, ஜனங்க மையத்துல பத்திரமா இருக்காங்கன்னு. என் மாமியார்தான் பின்னாடி சொன்னாங்க. அதுக்கப்புறம் அவங்களும் என்கிட்ட பேசறதில்லை.

நான் என்ன கேட்டேன் தெரியுமா அவங்ககிட்ட? படம் எப்படி இருந்துச்சு அத்தைன்னு கேட்டேன். தெரிஞ்சுக்கணும்ல. அவ்வளவு மழையில, அந்த ஒடுங்கின வழியில. ஒரு கோடு கிடையாதாம், ஒரு கட்டம் உடையலையாம். கண்ணாடி மாதிரி இருந்துச்சுன்னாங்க. சொல்லிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

விசாரணை நடந்துச்சு. மழையில வழி சுருங்கினதும் முதல் வரிசையே பூராவும் அடைச்சுக்கிச்சு, குரல் டவர் வாசல்லயே நின்னுபோச்சு, அதுதான் காரணம்னு எனக்கும் தெரியும். மறைக்கல. ஆனா டவர்ல வரிசை பிரிச்சு அனுப்பற ஸ்விட்ச் நான் சொன்னதைத்தான் செஞ்சுது. நான் மேல இருக்கறவங்க சொன்னதைத்தான் செஞ்சேன். மழை மேலயா கேஸ் போட முடியும்? இயற்கைச் சீற்றம்னு எழுதி முடிச்சாங்க. அது மட்டுமில்ல, புயல் நேரத்துல தடங்கலில்லாமப் படம் கொடுத்ததுக்காக எங்க மேலாளர் கையால எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். கண்ணாடி ஃபிரேம் போட்டுக் கொடுத்தாங்க. நான் ஆணி அடிச்சு ஹால்ல மாட்டினேன். மாட்டின மறுநாள் காலையில பார்க்கறேன், குமுதா இல்லை. அலமாரியில அவ புடவை இல்லை. என்னா நேரம் பாருங்க. மனுஷனுக்கு ஒரு நல்லது நடந்த மறுநாள்.

என் கணக்கு என்னன்னா, அன்னைக்கு போன்ல நான் வெடுக்குன்னு பேசினதை அவ மனசுல வச்சிருக்கா. போனை வைன்னு சொன்னதை. பொம்பளைங்களுக்கு அது போதுமே. மன்னிப்புக் கேட்டுட்டேன் சார். குரூப்ல கேட்டேன். அவ போனை எடுக்கறதில்லை, அதனால குடும்ப வாட்ஸ்அப் குரூப்லதான் எல்லாம். "அன்று கோபமாகப் பேசியதற்கு வருந்துகிறேன்"னு போட்டேன். தினமும் காலையில எல்லாரும் சாப்பிட்டீங்களான்னு போடுவேன். பதில் வராது. அவளுக்குத் தனியா ஒண்ணு எழுதலாம்தான். எழுத உட்கார்ந்தா என்ன எழுதறதுன்னு தெரியல. குரூப்ல போட்டா எல்லாரோடயும் சேர்ந்து அவளுக்கும் போயிடுது.

ஒரே ஒரு தடவை பேசினா. சாமான் எடுக்க வந்தப்போ. "என் வாயால பொறுடான்னு சொன்னேன்"ன்னா. அவ்வளவுதான். நான், அதுல உன் தப்பு ஒண்ணுமில்ல குமுதா, நீ சொன்னது சரிதான், பச்சை எரிஞ்சுதுன்னு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். அவ பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

அந்த ஊர்க்காரங்க கோபத்துல கம்ப வயரையே அறுத்துப் போட்டுட்டாங்க. ஒரு வருஷமா அது பேசல. கோயில் மைக்கை மறுபடி மாட்டியிருக்காங்க. எனக்கு மனசு கேக்கல சார். டவர் பராமரிப்புன்னு சொல்லி போன வாரம் ஆளனுப்பி வயரை இழுத்து விட்டுட்டேன். டவர்ல இருக்கற தட்டு ஆன்டெனாவையும் பெரிசா மாத்தியாச்சு, இனிமே எவ்வளவு மழை பெஞ்சாலும் ரெண்டுக்கும் இடம் இருக்கும். வரிசையை மாத்தல. ஏன் மாத்தணும்?

மாசா மாசம் ஒரு சோதனை போடணும்னு விதி இருக்கு. இந்த ஊரோட சோதனையை இன்னைக்குன்னு வச்சுக்கிட்டேன். படையலுக்கு ஊரே கடற்கரையில இருக்கும், குமுதாவும் இருப்பா. நாட்டார் வாயைத் திறக்கறதுக்கு முன்னால கம்பம் பேசிடணும். அவ குரல் அவ காதுலயே விழுந்தா, அன்னைக்கு சமையல்கட்டுல எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்னு நினைப்பு வரும்ல? இவர் செஞ்சது ஒண்ணும் வீண் இல்லை, வேலை செய்யத்தான் செய்யுதுன்னு புரியும்ல?

பாலம் வந்துடுச்சு. நிறுத்திட்டான் பாருங்க, எதிர்ல லாரி. இது ஒத்தை வண்டிப் பாலம், அது தாண்டினாத்தான் நாம போக முடியும். நல்லதாப் போச்சு, இங்கேர்ந்து கடற்கரை தெரியும். கொஞ்சம் சாய்ஞ்சுக்குங்க. அதோ கூட்டம் தெரியுதா, இலை போட்டு உட்கார்ந்திருக்காங்க. அதுக்குப் பின்னால கம்பம்.

லேப்டாப்லாம் வேணாம், சோதனைப் பட்டன் போன்லயே இருக்கு. இதோ, மூணுமரக்குப்பம். இப்பவே அமுக்கிடறேன்.

என்ன சார், கையைப் பிடிக்கறீங்க?

ஒண்ணும் ஆகாது. நீங்க பயப்படறது எனக்குப் புரியுது, போன தடவை மாதிரி ஆயிடுமோன்னு. வானத்தைப் பாருங்க, ஒரு பொட்டு மேகம் இல்லை. படமும் ஓடல. போய்ச் சேரும். கையை விடுங்க சார்.

பச்சை. பார்த்தீங்களா.

கேக்குதா? அந்த ஜன்னலை நல்லாத் திறங்க. கேக்குது, கேக்குது. படகைப் பார்க்காத, வலையைப் பார்க்காத. புள்ளைங்களைத் தூக்கிக்க. எவ்வளவு தெளிவு. அப்படியே அவ பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு.

ஏன் எந்திரிக்கறாங்க? ஓடறாங்களே. இலையெல்லாம் மிதிச்சுக்கிட்டு ஓடறாங்க. புள்ளைங்களைத் தூக்கிட்டு... சோதனைன்னு தெரியாதா? குரூப்ல போட்டேனே சார், காலையிலயே போட்டேன். யாரும் பார்க்கலையா?

பரவால்ல. ஓடட்டும். அதுக்குத்தானே கம்பம்.

ஒருத்தி மட்டும் ஓடல பாருங்க. அந்த நீலப் புடவை. மணல்லயே மடங்கி உட்கார்ந்துட்டா. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. தலையை அப்படி ஆட்டறா. அது குமுதா. அது என் குமுதாதான் சார்.

கேட்டிருக்கு. அவளுக்கு நல்லாக் கேட்டிருக்கு.